எட்டாம் நம்பர் ஊசி எது?

பிறக்கப்போகிற பிள்ளைக்கு, குன்னூர்க் குளிருக்காக, நீயே குல்லா பின்னப்போவதாகப் போனில் சொன்னாய். மனசு நிறைந்துபோயிற்று, தங்கச்சி. கையோடு கேட்டாயே, "உல்லன் வாங்கிட்டேன்க்கா, எந்த நம்பர் ஊசி வாங்கட்டும்?" என்று, அதற்குத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும்.

முதலில் ஒன்று. நம்பரைச் சொல்லி ஊசி வாங்காதே. மில்லிமீட்டரைச் சொல்லி வாங்கு.

நான் பட்டதைச் சொல்கிறேன். பெரியவனுக்கு ஒரு வயசானபோது மார்கழிப் பனிக்கு ஒரு குல்லா பின்ன ஆசைப்பட்டேன். அமெரிக்காவில் இருக்கிற ஒரு அம்மாவின் வீடியோவைப் பார்த்தேன். மொத்தமான உல்லன், 8-ஆம் நம்பர் ஊசி, 72 கண்ணி என்று சொன்னார். மேலூரிலிருந்து பஸ் ஏறி, மதுரையில் விளக்குத்தூண் பக்கம் அலைந்து, அதே நம்பர் ஊசி வாங்கி வந்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து பின்னி முடித்தால், 16 அங்குலம் வர வேண்டிய சுற்று 13 அங்குலத்தில் நின்றது. துணியும் அட்டை மாதிரி விறைப்பு. தலையில் இழுத்து மாட்டப் பார்த்தேன், பிள்ளை வீறிட்டு அழுதான். அத்தனையும் பிரித்தேன்.

தப்பு எங்கே என்று பிறகுதான் விளங்கியது. அமெரிக்காவில் 8 என்றால் 5 மி.மீ. ஊசி. நம் ஊர்க் கடையில் 8 என்றால் 4 மி.மீ. நாம் பின்பற்றுவது பழைய இங்கிலாந்துக் கணக்கு. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 6-ஆம் நம்பர் 5 மி.மீ., 8 என்றால் 4, 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்கக் கணக்கில் நம்பரோடு ஊசியும் பருக்கும். நாம் தினமும் மிதிக்கிற தையல் மிஷின் ஊசியும் அப்படித்தான், 11-ஐ விட 16 மொத்தம். அந்தப் பழக்கமும் நம்மை ஏமாற்றிவிடும்.

இந்தத் தலைகீழ் நம்பர் கம்பியிலிருந்து வந்தது. கம்பியைச் சின்னச் சின்ன ஓட்டை வழியாக இழுத்து இழுத்துத்தான் மெலிய வைப்பார்கள். இழுப்பு கூடினால் நம்பரும் கூடும், கம்பி மெலியும். நம்மூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கேட்டுப்பார், கம்பியின் கேஜ் நம்பரை இப்படித்தான் சொல்வார்கள். சுங்கடிச் சேலை நூலும் அதே கதைதான். 80-ஆம் நம்பர் நூலைவிட 100-ஆம் நம்பர் மெலிசு.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது. நிட்டிங் ஊசி செய்கிற ஊரே உன் பக்கத்தில்தான். ஊட்டி ரயிலில் போகும்போது குன்னூரைத் தாண்டி கேத்தி என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்தக் கேத்தியில்தான் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1949-இல் இங்கிலாந்தின் ஸ்டட்லி ஊர்க் கம்பெனி ஒன்றின் கிளையாகப் பதிவானது. போனி ஊசி அவர்களுடையதுதான். ஊசிகள் நம் மலையிலிருந்து வெளிநாட்டுக்கும் போகின்றன என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

வீட்டில் பழைய ஊசி கிடந்து, நம்பர் அழிந்துபோயிருந்தால் தூக்கிப் போடாதே. மிஷின் நூலை அதன்மேல் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்று. தொடங்கிய இடத்துக்கு நேராக வெட்டி, பிரித்து, ஸ்கேலில் அள. 13 செ.மீ. ஒட்டி வந்தால் அது 4 மி.மீ. ஊசி. 16 வந்தால் 5 மி.மீ. 11-க்குக் கொஞ்சம் குறைந்தால் 3.25.

இனி உல்லன். உருண்டையில் லேபிள் இருந்தால் வேலை சுலபம். ஊசிப் படம் போட்டு மில்லிமீட்டர் எழுதியிருப்பார்கள். எத்தனை கிராம், எத்தனை மீட்டர் என்பதையும் பார். 100 கிராமில் 400 மீட்டர் பக்கம் ஓடினால் மெல்லிய நூல். 200-லிருந்து 300 என்றால் நடுத்தரம், டி.கே. என்பார்கள். 150-க்குக் கீழே இருந்தால் நல்ல மொத்தம். '4 ப்ளை' என்று எழுதியிருந்தால் தடிமன் தெரிந்துவிட்டது என்று நினைக்காதே. அது எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்பதிலிருந்து வந்த பெயர். மெல்லிய நாலு இழையைவிடத் தடித்த இரண்டு இழை மொத்தமாக இருக்கும்.

நீ வாங்கியது லேபிள் இல்லாத உருண்டை என்றாயே? ஸ்கேலில் ஓர் அங்குல நீளத்துக்கு நூலைச் சுற்று. இழுக்காதே, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் விடாதே, பக்கம் பக்கமாக, பூத்தொடுக்கும்போது நார் சுற்றுகிற நிதானத்தில் சுற்று. 12, 13 சுற்று வந்தால் டி.கே., 4 மி.மீ. ஊசியில் தொடங்கு. 10 சுற்றுக்குள் அடங்கினால் 5 மி.மீ. வேண்டும். 16-க்கு மேல் போனால் 3.25 அல்லது அதற்கும் கீழே. எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும், அதனால் இது தொடங்குவதற்கான இடம்தான். முடிவு சொல்வது மாதிரித் துண்டு.

மாதிரித் துண்டு பின்னச் சொன்னால் எல்லாருக்கும் சலிப்பு. எனக்கும் அந்தக் குல்லாவுக்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. இப்போது அது இல்லாமல் ஒரு கண்ணிகூடப் போடுவதில்லை. ஆறு அங்குலச் சதுரம் பின்னு. துவைத்து, பிழியாமல் விரித்துப் போட்டுக் காய வை. அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதே, சூட்டில் துணி துவண்டு செத்துவிடும். காய்ந்ததும் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 4 அங்குலம் டேப் வைத்துக் கண்ணியை எண்ணு. அரைக் கண்ணி வந்தால் அதையும் சேர்த்துக்கொள். அங்குலத்துக்கு அரைக் கண்ணி பிசகினால்கூட, 80 கண்ணிக் குல்லா 16 அங்குலத்திலிருந்து பதினாலரைக்கு இறங்கிவிடும்.

வேண்டியதற்கு மேல் கண்ணி இருந்தால் உன் கை இறுக்கம், ஊசியை மொத்தமாக்கு. நம் கடைக் கணக்கில் நம்பரைக் குறைத்துக் கேட்க வேண்டும், அது நினைவிருக்கட்டும். கண்ணி குறைந்தால் மெல்லிய ஊசிக்குப் போ. கையை மாற்றப் பார்க்காதே. பத்து வரிக்குப் பிறகு கை தன் பழைய இழுப்புக்குத் திரும்பிவிடும். ஊசியை மாற்றுவதுதான் சரி.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் துண்டைக் கையில் கசக்கிப் பார். பிள்ளைத் தலைக்குப் போகிற துணி மடக்கினால் மடங்க வேண்டும், விட்டால் திரும்ப வேண்டும். பை பின்னினால் இரண்டு நம்பர் மெல்லிய ஊசியில் இறுக்கிப் பின்னலாம், சால்வைக்குப் பெரிய ஊசியில் தளர விடலாம். குல்லாவின் அடி பார்டருக்கு மட்டும் உடம்பைவிட ஒன்றிரண்டு நம்பர் மெல்லிய ஊசி எடு. உடம்புக்கு 8 என்றால் பார்டருக்கு 10. அப்போதுதான் நெற்றியில் பிடித்து நிற்கும்.

மேலூர் வெயிலில் எனக்கு அலுமினிய ஊசியில் அக்ரிலிக் பின்னினால் வியர்வையில் கண்ணி நகராது. விடியலில்தான் உட்காருவேன். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கண்ணி வழுக்கி ஓடினால் மூங்கில் ஊசி வாங்கிக்கொள், கொஞ்சம் பிடித்து நிற்கும். ஆனால் மாதிரித் துண்டை எந்த ஊசியில் பின்னினாயோ குல்லாவையும் அதிலேயே பின்னு. உலோகத்திலிருந்து மூங்கிலுக்கு மாறினாலே கண்ணி அளவு மாறும்.

பிறந்த பிள்ளையின் தலைச் சுற்று 14 அங்குலம் ஒட்டி இருக்கும். பின்னல் நெகிழும் என்பதால் குல்லா 13 இருந்தால் போதும். டி.கே. உல்லனில், 4 மி.மீ. ஊசியில், 4 அங்குலத்துக்கு 22 கண்ணி வந்தால் உனக்கு வேண்டியது 72 கண்ணி. நான் பிரித்துப்போட்ட குல்லாவுக்கும் அதே 72, அதே 8-ஆம் நம்பர் ஊசி. உல்லன் ஒன்றுதான் வேறு.

மாதிரித் துண்டைப் பிரித்துவிடாதே. ஊசி அளவை ஒரு சீட்டில் எழுதி அதிலேயே கட்டி வை. வளைகாப்புக்கு வரும்போது எடுத்து வா, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக எண்ணிப் பார்ப்போம்.