‘கூலி’ என்று எழுதாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

வேலூரில் உனக்கு ரத்தவியல் டி.எம். இடம் கிடைத்த சேதியை உன் அப்பா நிட்டிங் மிஷின் சத்தத்துக்கு நடுவே போனில் கத்திச் சொன்னார். பாதி கேட்கவில்லை. ‘எலும்பு மஜ்ஜை மாத்தறாங்களாமே, அதுங்க’ என்பது மட்டும் காதில் விழுந்தது. அது போதுமாக இருந்தது. பிளஸ் டூ லீவில் என் லேபுக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்காமல் அடம்பிடித்தாயே, அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஆராய்ச்சிக்கு நீ யோசித்து அனுப்பிய மூன்று தலைப்புகளையும் படித்தேன். மூன்றும் மரபணு பற்றியவை. வெளிநாட்டில் செய்து முடித்ததை நம் நோயாளிகளின் ரத்தத்தில் இன்னொரு தரம் செய்து பார்ப்பவை. அதில் தப்பொன்றும் இல்லை, பட்டமும் கிடைக்கும். ஆனால் உன் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. உனக்கு இதுவரை அதைச் சொன்னதில்லை.

டெங்கு காலம், ஐப்பசி மழை. ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக (உதவியாளாக) இருந்த பையன், பத்தொன்பது வயது. காய்ச்சல், பல் ஈறில் ரத்தக் கசிவு. பிளேட்லெட் 18,000, வெள்ளை அணுவும் குறைவு. அந்த வாரம் வந்த பாதிப் பேருக்கு இதே கணக்குதான். டெக்னீஷியன் ஸ்மியர் போட்டுச் சாயமேற்றி ஓரமாக வைத்திருந்தார். நான் மிஷின் கொடுத்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று சனிக்கிழமை, சம்பள நாள், லேபில் கூட்டம். திங்கட்கிழமை அந்த ஸ்லைடை எடுத்துப் பார்த்தால், அணுக்களுக்குள் ஊசிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா. ஆள் அனுப்பி விசாரித்தபோது ஞாயிறு இரவே மூளைக்குள் ரத்தம் கசிந்து போய்விட்டான் என்றார்கள். முதல் சில நாட்களைத் தாண்டிவிட்டால் ரத்தப் புற்றுகளிலேயே நன்றாகக் குணமாகக்கூடிய வகைகளில் அதுவும் ஒன்று என்பது உனக்குத் தெரியும். தாண்டுவதற்கான இரண்டு நாளை நான் தின்றுவிட்டேன். மிஷின் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸ்லைடைப் பார்க்காமல் அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அதே நோய்க்கு நீ போகும் ஊரில் என்ன செய்தார்கள் என்று பார். ஆட்ரா மாத்திரையும் கீமோவும் சேர்ந்ததுதான் அப்போது உலகம் ஒப்புக்கொண்ட சிகிச்சை. அதற்குப் பணம் கட்ட முடியாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சீனாவின் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970களிலிருந்து ஆர்செனிக்கை வைத்து இந்த நோயைக் கட்டுப்படுத்தி வந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அந்த ஆர்செனிக் டிரை ஆக்சைடைத் தங்கள் மருந்தகத்திலேயே தயாரித்து, புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆட்ராவும் கீமோவும் இல்லாமல் அதை மட்டுமே கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம். முதல் கட்டம் முடிந்த பிறகு பெரும்பாலும் வெளிநோயாளியாகவே வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். 1998 முதல் 2004 வரை இப்படிச் சிகிச்சை பெற்ற 72 பேரின் கணக்கை விக்ரம் மேத்யூஸும் கூட்டாளிகளும் 2006இல் ‘பிளட்’ இதழில் வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. 2010இல் ஐந்தாண்டுக் கணக்கு வந்தபோது ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். 2013இல் இத்தாலிய, ஜெர்மன் மருத்துவர்கள் அதிக ஆபத்து இல்லாத நோயாளிகளுக்கு ஆட்ராவோடு ஆர்செனிக் சேர்த்தால் கீமோவே வேண்டாம் என்று காட்டினார்கள். இப்போது அது உலகம் முழுக்க நடைமுறை.

இதில் நான் சுட்ட விரும்பும் இடம் ஒன்றுதான். ‘இவரால் பணம் கட்ட முடியாது’ என்பதை சமூக சேவகர் மேசைக்குத் தள்ளிவிடாமல், அதையே அவர்கள் ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்தார்கள்.

(ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டதும் நம்மூர்க்காரர் யாராவது ‘அட, நம்ம வெள்ளைப் பாஷாணம்தானே’ என்பார். ஆமாம், பொருள் அதுதான். ஆனால் ஈ.சி.ஜி.யும் பொட்டாசியமும் பார்த்துப் பார்த்து அளந்து ஏற்றுவதும், பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. இதைக் கோபப்படாமல் சொல்லிப் பழகு. கோபப்பட்டால் வீட்டில் போய் ரகசியமாகச் சாப்பிடுவார்கள்.)

மஜ்ஜை மாற்று ஆரம்பித்த கதையையும் ஒருமுறை முழுதாகப் படி. டொனால் தாமஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் ஆறு நோயாளிகள், ஒருவரும் நூறு நாள் தாண்டவில்லை. அதன்பின் பலர் கைவிட்ட வேலையை விடாமல் செய்து 1990இல் அவர் நோபல் வாங்கினார். இந்தியாவில் மஜ்ஜை மாற்றை 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை தொடங்கியது, 1986இல் மாமன் சாண்டி வேலூரில் தொடங்கினார். இதையெல்லாம் உன் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் வார்டிலிருந்து பார்க்க முடியாத காங்கேயத்து வீடு ஒன்றைப் பற்றி நான் சொல்கிறேன்.

என்னிடம் ரத்தம் பார்த்த கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு அக்யூட் மைலாய்டு லுக்கேமியா. கீமோவில் நோய் அடங்கியது. திரும்பி வராமலிருக்க மாற்று வேண்டும் என்றார்கள். உடன்பிறந்த ஒருவரின் எச்.எல்.ஏ. (திசு வகை) முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இவருக்கு இருந்ததே ஒரே தங்கை, அவளுக்குப் பொருந்திவிட்டது. எல்லாரும் சாமி கும்பிட்டார்கள். ஆனால் தங்கையைக் காங்கேயம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனவளிடமிருந்து பத்து நாளாகப் பேச்சே இல்லை.

நானே பஸ் ஏறிப் போனேன். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ‘முதுகுத் தண்டுல இருந்து உறிஞ்சுவாங்களாமுங்க, அப்பறம் இவளுக்குக் கொழந்த பொறக்குமுங்களா?’ ஐந்து நாள் ஊசி போடுவார்கள், எலும்பு வலிக்கும், பிறகு கையில் குழாய் வைத்து மிஷின் வழியாக நாலைந்து மணி நேரம் ரத்தத்தைச் சுற்றி ஸ்டெம் செல்லை மட்டும் பிரிப்பார்கள், சில வாரத்தில் உடம்பு அதை ஈடு செய்துவிடும், பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். ஆனாலும் சம்மதம் வரவில்லை. டீ குடித்து, இரண்டாம் டீயும் குடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ‘நாலு மாடு கட்டியிருக்கு. பத்து நாளைக்கு யாருங்க கறப்பா?’ கட்டிங் மாஸ்டரின் மச்சினன் வந்து பால் கறந்தான். மாற்று நடந்தது.

எந்தச் சம்மதப் படிவத்திலும் மாடு இல்லை. கொடுப்பவரின் வீட்டில் என்ன வேலை நின்றுபோகும் என்று நீ முதலிலேயே கேட்டுவிடு.

கொங்கு நாட்டில் இப்போது ஒற்றைப் பிள்ளை வீடுகள் அதிகம். உடன்பிறந்தோர் இல்லையென்றதும் தேடலை முடித்துவிடாதே. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டிய குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ ஒன்றுவிட்டவர்களோ முழுதாகப் பொருந்துவது மற்ற இடங்களைவிட அதிகம். வம்சக் கிளையை வரைந்து பார். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளும் இருக்கின்றன. பாதி பொருந்தியவரிடமிருந்தே எடுத்து, மாற்றிய பிறகு சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் பால்டிமோர் வழியை நீ என்னைவிட நன்றாக அறிவாய்.

கட்டிங் மாஸ்டர் கதை இன்னும் முடியவில்லை. நூறு நாள் வேலூரில் வாடகை அறையில் தங்கிவிட்டு ஊர் வந்தார். முகக்கவசம், சைக்ளோஸ்போரின் டப்பா, தோல் கறுத்த முகம். என்னிடம் கேட்டார்: ‘டாக்டர், எப்ப நான் டேபிளுக்குப் போறது?’ புத்தகத்தைப் புரட்டினேன். வேலைக்குத் திரும்புவது பற்றி அதில் இருந்த அறிவுரை ஏ.சி. அறையில் மேசை முன் உட்காருகிறவருக்கு எழுதியது. பஞ்சுத் தூசி மிதக்கும் கட்டிங் ஹாலில், எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் நுரையீரல் எந்த மாதத்தில் நுழையலாம்? கட்டிங்குக்குப் பதில் பேக்கிங்கில் போடலாமா? ஒன்றரை ஷிப்டு பார்க்கலாமா? அம்மிணி, உன் மூன்று தலைப்புக்குப் பக்கத்தில் இந்த நாலாவதையும் எழுதி வை. மாற்று முடிந்து இந்தப் பகுதிக்குத் திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்து, யார் எந்த வேலைக்குப் போனார், யாருக்கு நெஞ்சில் பூஞ்சை வந்தது, யார் சம்பளத்துக்காக மருந்தை நிறுத்தினார் என்று வரிசையாகக் குறித்தாலே போதும். பெரிய மிஷின் எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும்.

இதற்குத்தான் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதாதே என்கிறேன். ‘தனியார்’ அதைவிட மோசம். பவர் டேபிளா, காஜா பட்டனா, பிரிண்டிங்கா, சாயப்பட்டறையா? எத்தனை வருஷம்? இஸ்தான்புல்லில் முசாஃபர் அக்சாய் என்ற ரத்தவியல் மருத்துவர் இப்படிக் கேட்கப் போய்த்தான், ஷூ ஒட்டும் பசையிலிருந்த பென்சீனுக்கும் லுக்கேமியாவுக்கும் உள்ள உறவைப் பிடித்தார். 26 பேரின் கணக்கை 1974இல் வெளியிட்டார். பென்சீனை விலக்கிய பிறகு நோயாளிகள் குறைந்ததையும் அவரே எழுதினார். நம்மூரில் சாயம் கலந்த நொய்யல் ஆற்றைக் காட்டி மேடையில் முழங்க ஆட்கள் இருக்கிறார்கள். பிரிண்டிங் திரையைத் துடைக்கிற தின்னர் எது, செக்கிங்கில் கறை எடுக்க ஊற்றும், பெயர் ஒட்டாத வெள்ளை கேனில் இருப்பது எது என்று நோயாளியிடம் கேட்டு எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

அப்படியே இன்னொன்றையும் கேள்: ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் அதில் வருவார். சாதாரண நோய்க்கு 91 நாள்தான் பணம். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டு வருஷம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் உண்டு, இரண்டு வருஷ வேலையும் சந்தா நாட்களும் கணக்கில் இருந்தால். பீஸ் ரேட்டில் கம்பெனி கம்பெனியாக மாறுகிறவருக்குப் பல சமயம் அட்டையே இருக்காது, இருந்தாலும் நடுவில் அறுந்திருக்கும். மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வருவதற்குள் இதை விசாரித்துவிடு. ஒடிசாவிலிருந்து வந்த பையனென்றால் எச்.எல்.ஏ. பார்க்க அவன் அண்ணனுக்கு ரயில் டிக்கெட் போடுவதும் அதே நாளில் தொடங்க வேண்டிய வேலை.

கார்-டி செல் சிகிச்சை பற்றி எழுதியிருந்தாய். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடாவும் சேர்ந்து உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது எனக்கும் பெருமைதான். வெளிநாட்டு விலையில் ஒரு துண்டு. அந்தத் துண்டும் நம் செக்கிங் பெண்ணுக்கு ஆயுள் சம்பளம்.

வரும் ஞாயிறு இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஒருவர் ஏறுகிறார், திங்கள் விடிகாலை காட்பாடியில் இறங்குவார். பதினேழு வருஷம் ஓவர்லாக், கடைசி நாலு வருஷம் பிரிண்டிங். ஸ்லைடு இரண்டு அவர் மஞ்சப்பையில் இருக்கிறது, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். உன் சீனியரிடம் காட்டுவதற்கு முன் நீ பார். அவருடைய அக்கா ஒருவர் வெள்ளகோவிலில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரரிடம் நான் பேசிவிட்டேன். மாடு இல்லை, ஆனால் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், தேதியைக் கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் லேப் பெரியப்பா