நூலும் முயலும்

அன்புள்ள பேத்திக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம்.

நீ மின்னஞ்சலில் அனுப்பியதை உன் அப்பா அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். நீட் தேர்வில் மருத்துவக் கல்லூரிக்கு வேண்டிய மதிப்பெண் வராமற்போனதை இரண்டே வரியில் எழுதி முடித்துவிட்டு, பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்கலாமா என்பதை மூன்று பக்கத்துக்கு நீ விசாரித்திருப்பதிலிருந்து, துக்கம் பாதி ஆறிவிட்டதென்று ஊகித்துக்கொண்டேன். அந்தப் படிப்பு சோறு போடுமா என்று உன் அப்பா கேட்பது நியாயமான கேள்விதான், அதற்கும் வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரையும் டயாலிசிஸ் இயந்திரத்தையும் பராமரிப்பவர் பயோமெடிக்கல் எஞ்சினியர். ரத்தத்தையும் சளியையும் பரிசோதித்து முடிவு தருபவர் லேப் டெக்னீஷியன். நோய் ஏன் வருகிறது, உடலுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது, எதைக் கொண்டு அதைத் தடுக்கலாம் என்று காரணத்தைத் துருவிக்கொண்டு போகிறவர் எவரோ அவரே நீ சேர விரும்பும் சாஸ்திரத்துக்கு உரியவர். மூன்றும் கௌரவமான தொழில்களே. ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் வருஷத்தில் விழித்துக்கொண்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உபகரணங்களெல்லாம் மேல்நாட்டில் இருக்கும்போது நம்மைப் போன்ற ஏழை தேசத்தில் இதைப் படித்து என்ன சாதிக்க முடியும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் தர்க்கம் செய்யப் போவதில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த சம்புநாத் டே என்ற நோய்க்குறியியல் பேராசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-லேயே இனங்கண்டுவிட்டார். அது ஏதோ ஒரு விஷத்தைச் சுரப்பதாகத்தான் இருக்கவேண்டும் என்றும் அவர் கருதினார். ஆனால் அந்த விஷம் எங்கே, எப்படி வேலை செய்கிறது என்பதை அதற்குப் பின் எழுபத்தைந்து வருஷங்களாக ஒருவராலும் நிரூபித்துக் காட்ட இயலவில்லை. டே செய்தது என்ன தெரியுமா? மயக்கமூட்டிய முயலின் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அந்தக் கட்டுக்குள் காலராக் கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு, மறுநாள் திறந்து பார்த்தார். கட்டிய குடல் நீரால் உப்பிக் கிடந்தது. அது 1953-ல். பின்னர் கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தைச் செலுத்திப் பார்க்க, அப்போதும் குடல் அவ்வாறே உப்பிற்று. ஆகவே நோயாளியின் உடல்நீரை வற்றவைப்பது கிருமி சுரக்கும் விஷமே என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. 1959-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் இதை அவர் வெளியிட்டார்.

நூல், முயல், வடிகட்டி: இவ்வளவுதான் அவருடைய மூலதனம் என்று சொன்னால் சற்றே மிகையாகலாம், ஆனால் பெரிய மிகையன்று. லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவருக்கு அங்கிருந்தவர்களைவிட அதிகமாக வாய்த்தது ஒன்றுதான்: வருஷந்தோறும் காலரா நோயாளிகள் வந்து விழும் ஆஸ்பத்திரி. கேள்வி வாசலிலேயே கிடந்தது. பணக்கார தேசங்களில் கருவிகள் இருக்கின்றன. காசநோயும் ரத்தசோகையும் குழந்தைகளின் பேதியும் இருப்பது நம்மிடத்தில். இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது அழகல்ல: டே உயிரோடிருந்த காலத்தில் நம் தேசத்து விஞ்ஞானக் கழகம் எதுவும் அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1978-ல் ஸ்வீடன் தேசத்து நோபல் கருத்தரங்கிலிருந்து அழைப்பு வந்த பிறகே பலருக்கு அவர் பெயர் காதில் விழுந்தது.

என் அநுபவமும் ஒன்று உண்டு, பெருமைக்குரியதன்று. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், கிராமத்துப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்வதற்காக எட்டு மாதம் அலைந்து சேகரித்த சீரம் மாதிரிகளை உறைபெட்டியில் வைத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மின்சாரம் நின்றது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை, திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவித்த ரசாயனம் சுங்கத்தில் மூன்று வாரம் கிடந்து, உலர்பனி ஆவியாகி, பயனற்றுப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. இவ்விதமான சோதனைகளில் மனம் கசந்துபோகாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடிய சுபாவம் உனக்கு உண்டா என்பதை, மதிப்பெண் பட்டியலைக் காட்டிலும் முக்கியமாக நான் கருதுகிறேன். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது கோலப்புள்ளி தவறினால் முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் போடுவாய். ஆகையால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இனி உன் அப்பாவின் கேள்வி. மூன்று வருஷப் பட்டம் மட்டும் கொண்டு இந்தத் துறையில் நல்ல சம்பளம் எதிர்பார்ப்பது வீண். முதுகலை இரண்டு வருஷம், அதற்கு மேல் ஆராய்ச்சி ஐந்து வருஷமோ அதற்கும் அதிகமோ; ஆக, உன் வகுப்புத் தோழிகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து வீட்டுக்கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போது நீ இன்னும் மாணவியாகவே இருப்பாய். தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதியோடு தேறினால் உதவித்தொகை உண்டு, 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000. பணம் வங்கிக்கு வந்துசேரச் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும் என்பதை உன் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

ஆனால் பேராசிரியர் பதவி ஒன்றுதான் வழி என்று எண்ணாதே. ரோட்டாவாக் என்ற சொட்டுமருந்தை எடுத்துக்கொள். 1980-களில் டெல்லியில் பிறந்த சில சிசுக்களுக்கு ரோட்டாவைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கு வரவில்லை என்பதைச் சிலர் கவனித்தார்கள். அந்த வைரஸிலிருந்து உண்டான மருந்து டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்றிடங்களில் ஆறாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டு, 2014-ல் அநுமதி பெற்று, 2016-ல் அரசாங்கத்தின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. கணக்குப் பார், ஏறக்குறைய முப்பது வருஷம்! அத்தனை காலமும் வைரஸை வளர்த்தவர், தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியின் தரத்தைச் சோதித்தவர், வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கவனித்தவர், புள்ளிவிவரம் தொகுத்தவர், விதிமுறைப் பத்திரங்களைப் படித்து அநுமதி தந்தவர் என்று எத்தனையோ பேருக்கு அதில் ஜீவனம் இருந்தது. கல்லூரி விளம்பரங்கள் இந்த வேலைகளைச் சொல்வதில்லை. கோட்டு அணிந்து நுண்ணோக்கியைப் பார்க்கும் பெண்ணின் படத்தோடு நின்றுவிடுகின்றன.

ஆதலால் பட்டத்தின் பெயர் உயிர்வேதியியல் என்றிருந்தாலும் நுண்ணுயிரியல் என்றிருந்தாலும் பாதகமில்லை. அடிப்படை ஸ்திரமாக இருக்கட்டும். முதுகலைக்குத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. அதைப் பிறகு யோசிக்கலாம். புள்ளியியலை மட்டும் கசப்பு மருந்தென்று ஒதுக்காமல் இப்போதே தொடங்கிவிடு. நான் ஒதுக்கினேன், நாற்பது வயதுக்கு மேல் பிறர் காலைப் பிடிக்கவேண்டி வந்தது.

திங்கட்கிழமை நீ சேர நினைக்கும் கல்லூரியைப் பார்க்கப் போகிறாய் அல்லவா? கட்டடத்தையும் நூலகத்தையும் அவர்களே காட்டுவார்கள். நீ ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லி, எத்தனை நுண்ணோக்கிகள் இருக்கின்றன, அவற்றுள் எத்தனை வேலை செய்கின்றன, மாணவர்கள் கையால் தொடுகிறார்களா அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்பதை விசாரித்து எனக்கு எழுது. உறைபெட்டியின் ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்குகிறார்கள் என்றும் கேள்.

இப்படிக்கு,
உன் தாத்தா