முதல்ல லேபிளைப் படிங்க!

எம்.எஸ். படிக்க ஜெர்மனி போறீங்களா? அங்கே சூப்பர் மார்க்கெட்லயே ஒயின் கிடைக்கும். விலையை வச்சு ருசியை முடிவு பண்ணாதீங்க, லேபிளைப் படிங்க. ‘ட்ரோக்கன்’னா இனிப்பு தெரியாது. ‘ஹல்ப்ட்ரோக்கன்’னா லேசான இனிப்பு; சர்க்கரை லிட்டருக்கு 18 கிராம் வரை இருக்கலாம். ‘லீப்லிஷ்’ல 45 கிராம் வரை.

இந்த வார்த்தை எதுவும் இல்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்க. திராட்சையின் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. நொதித்தலைப் பாதியில் நிறுத்தினால் ஆல்கஹால் குறையும், சர்க்கரை மிஞ்சும். அதனால ரீஸ்லிங் திராட்சை ஒயினில் 8% என்றால் பெரும்பாலும் இனிக்கும். 12% என்றால் இனிப்பு குறைவு.

புதுசா சுவைக்கிறவங்க ஹல்ப்ட்ரோக்கன் ரீஸ்லிங்ல ஆரம்பிக்கலாம். நல்லா குளிர வச்சு, சாப்பாட்டோட, கொஞ்சமா. பிடிச்சதா? லேபிளை ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அடுத்த தடவை காசு வீணாகாது.