நாய்க்குட்டிக்குப் புழு மருந்து: முதன்முறை வளர்ப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

கண்கூடத் திறக்காத குட்டியின் உடலிலும் புழு இருக்கலாம். தாய் நாயின் தசைகளில் அடங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் சினைக்காலத்தில் விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போய்விடுகின்றன. கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. ஆகவே, “மண்ணையே மிதிக்காமல் வீட்டுக்குள் வளர்கிறது, புழு எப்படி வரும்?” என்ற கேள்விக்குக் குட்டி விஷயத்தில் இடமில்லை. மருந்து கட்டாயம் வேண்டும். அது எது, எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதல் படி: எடை பாருங்கள்

மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். சின்னக் குட்டியைச் சமையலறைத் தராசிலோ மளிகைக்கடை மின்தராசிலோ வைத்துப் பார்க்கலாம். வளர்ந்த நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கண்மதிப்பில் 3 கிலோ என்று நினைத்த குட்டி 2 கிலோதான் இருந்தால், கொடுக்கும் மருந்து ஒன்றரை மடங்காகிவிடும். குட்டி வாரத்துக்கு வாரம் வளர்வதால் ஒவ்வொரு தவணைக்கும் புதிதாக எடை பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: எந்தப் புழு என்று கவனியுங்கள்

வயிறு பானைபோல் உப்பி, உடம்பு மெலிந்து, ரோமம் மங்கியிருந்தால் உருண்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். ஈறு வெளுத்து, மலம் கறுத்துக் கொழகொழவென்று போனால் கொக்கிப்புழு. இது இரத்தத்தைக் குடிக்கிற புழு. சின்னக் குட்டியைச் சில நாட்களிலேயே சாய்த்துவிடும். ஆசனவாயைச் சுற்றி அரிசி அரிசியாக ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் மறுபடியும் வரும்.

சந்தேகம் இருந்தால் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். நுண்ணோக்கியில் முட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். குட்டி இரத்தமாகக் கழிந்துகொண்டிருந்தால் மட்டும், புழு என்று நினைத்து வீட்டு வைத்தியத்தில் ஒரு மணி நேரத்தைக்கூடப் போக்காதீர்கள். அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம்.

மூன்றாம் படி: லேபிளைப் படியுங்கள்

விளம்பரப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தைப் பாருங்கள். பைரான்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்; குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே தரப்படுவது. பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்கு. ஃபெபன்டெல் சேர்ந்தால் சாட்டைப்புழுவும் அடங்கும். ஃபென்பெண்டசோல் என்றால் ஒரு வேளையோடு முடியாது, தொடர்ந்து சில நாள் கொடுக்க வேண்டும். சினை நாய்க்கும் அதைத் தருவதுண்டு. நாள் கணக்கை மருத்துவர் சொல்லட்டும்.

குட்டிகளுக்கான பல சிரப்புகள் கிலோவுக்கு 1 மில்லி என்றும், பெரிய நாய்களுக்கான பல கூட்டு மாத்திரைகள் 10 கிலோவுக்கு ஒன்று என்றும் வருகின்றன. ‘பல’ என்றுதான் சொல்கிறேன், ‘எல்லாம்’ என்று சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் பாட்டிலில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. குறைந்தபட்ச வயது, காலாவதித் தேதி இரண்டையும் பாருங்கள். பைரான்டெலையும் பழைய புழு மருந்தான பைபரசினையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது; ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

நான்காம் படி: கொடுக்கக் கூடாதவை

குட்டிகளின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இங்கேதான். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்து மிச்சமிருக்கிறது என்று நாய்க்கும் போட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதவீத மருந்தின் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. இதயப்புழு வராமல் தடுக்க நாய்க்குத் தரும் அளவோ கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். 5 கிலோ குட்டிக்கு 30 போதும். ஒரு மில்லி போட்டால் முந்நூறு மடங்குக்கு மேல்! தள்ளாட்டம், எச்சில் வடிதல், பார்வை போதல், நினைவிழப்பு என்று போகும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. இத்தனைக்கும் ஐவர்மெக்டின் நாடாப்புழுவைத் தொடுவதேயில்லை.

கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லாண்டு ஷீப்டாக் போன்ற மந்தை மேய்க்கும் இனங்களில் பல நாய்களுக்கு இந்த மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும். 2001இல் இது கண்டறியப்பட்டது. அவற்றுக்குச் சிறிதளவு கூடினாலே ஆபத்து. சொறிக்காக மருத்துவர் ஐவர்மெக்டின் தருவதுண்டு. அது நாயைப் பார்த்து அவர் போடும் கணக்கு.

பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையும் வேண்டாம். நாய்களில் அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்தது பதிவாகியிருக்கிறது. வீட்டு வைத்தியமாகப் பூண்டும் வேண்டாம்; அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாக்கில் உள்ள அரிகோலினை மேல்நாடுகளில் ஒருகாலத்தில் நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்றத் தந்தார்கள். கடும் பேதியும் வாந்தியும் வந்ததால், பாதுகாப்பான பிராசிகுவான்டெல் வந்ததும் அது வழக்கொழிந்தது. வீட்டில் பாக்கை இடித்துக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: தேதிகளைக் குறித்துவையுங்கள்

2, 4, 6, 8 வாரங்களில் ஒவ்வொரு தவணை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பால் கொடுக்கும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். இப்படித் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. மருந்து கொல்வது குடலில் இருக்கும் புழுவை. கல்லீரல், நுரையீரல் வழியாகப் பயணத்தில் இருக்கும் இளம்புழு தப்பித்து, அடுத்த சில நாட்களில் குடலுக்கு வந்து சேர்ந்துவிடும்.

நம் ஊரில் குட்டி கைமாறுவது பெரும்பாலும் நாற்பத்தைந்தாம் நாளில். அதுவரை என்ன மருந்து, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். எழுத்தில் இல்லையென்றால் கொடுக்கவில்லை என்றே எண்ணி, மருத்துவரிடம் காட்டித் தொடங்குங்கள்.

ஆறாம் படி: கொடுக்கும்போதும் பிறகும்

சிரப்பை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஓரிரு நாளில் மலத்தில் புழு விழுந்தால் பயப்பட வேண்டாம். ஒருமுறை வாந்தி, சற்று இளகிய மலம் வருவதும் உண்டு. வாந்தி நிற்காமல் போனாலும், குட்டி நடுங்கினாலும் துவண்டாலும், மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் அகற்றிவிட்டால் முற்றத்து மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் காப்பு. அந்த முட்டையிலிருந்து வரும் இளம்புழு குழந்தையின் கண்ணுக்குள் போனால் பார்வையையே கெடுக்கக்கூடியது. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நமைச்சல் தடம் போடும். மலம் அள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நாயைத் தொட்ட பிள்ளைகளும் சாப்பிட உட்காருமுன் கழுவட்டும்.