சொன்னதை எழுது!



காரைக்கால்மேட்டில் ஒரு மீனவர் வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு வயது அறுபத்தைந்து. திடீரென்று ஒரு நாள் பக்கவாதம் வந்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டார். ஆனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சும் வரவில்லை.

பேத்தி மீன் வலையைக் காட்டி, "இது என்ன தாத்தா?" என்று கேட்கிறாள். "அது... அது..." என்று தடுமாறுகிறார். நெற்றி வியர்க்கிறது. சொல் மட்டும் வரவில்லை. பேத்தி விளையாட்டாக, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்குகிறாள். என்ன வியப்பு! தாத்தா "மூணு, நாலு, அஞ்சு" என்று தங்குதடையின்றித் தொடர்கிறார்.

"ஆயுசு முழுக்கப் பிடிச்ச வலை பேர் தெரியல, எண்ண மட்டும் தெரியுதாம். புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர் சொல்வது சரியா? இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

மூளையில் ஓர் இடம்

1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அந்த மனிதர் "டான், டான்" என்றே சொன்னார். ஆனால் பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது, இடப்பக்க முன்மடலில் ஒரு பகுதி சிதைந்திருந்தது. 1874-இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் வேறொரு வகையை விளக்கினார். இந்த வகை நோயாளிகள் சரளமாகப் பேசுவார்கள். பேச்சில் பொருள் இராது. பிறர் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது.

இவ்வாறு மூளைப் பாதிப்பால் மொழி குலைவதைப் பேச்சிழப்பு என்கிறோம். நம் தாத்தாவுக்கு நேர்ந்தது முதல் வகை. வலை எது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லைத் தேடி எடுத்து, ஒலியாக்கி வெளியே கொண்டுவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்பது பல்லாண்டுப் பழக்கத்தால் சங்கிலிபோல் இறுகிய தொடர். ஒரு கண்ணியைத் தொட்டால் அடுத்தது தானே வரும். பாட்டும் அப்படியே. அதனால்தான் பேச முடியாத சிலர் பாடுகிறார்கள். ராகத்தின் வழியாகவே பேச்சைத் தூண்டும் பயிற்சி முறையும் உண்டு.

இதையெல்லாம் கண்டறிந்து பயிற்சி தருபவரே பேச்சு-மொழிச் சிகிச்சையாளர். திக்குவாய், பேசத் தாமதமாகும் குழந்தைகள், அண்ணப்பிளவு, குரல் கெடுதல் ஆகியவையும் அவர் பொறுப்பே. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களையும் அவர் கவனிக்கிறார். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் நுழைந்து நுரையீரல் அழற்சி உண்டாகலாம். கஞ்சியை எந்தப் பதத்தில், எப்படி உட்காரவைத்துக் கொடுப்பது என்று அவர் சொல்லித் தருவார்.

செய்து பாருங்கள்

இந்தப் படிப்பின் முதல் ஆய்வுக்கூடம் உங்கள் வாய்தான்.

1. மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு "மாமா" என்று சொல்லுங்கள். ஏறக்குறைய "பாபா" என்று கேட்கும். இப்போது "பாட்டி" என்று சொல்லுங்கள். மாற்றம் தெரியாது. "ம" ஒலிக்கு மூக்கின் வழியாகக் காற்றுப் போக வேண்டும்; "ப" ஒலிக்குப் போகக்கூடாது. வாயின் பின்பக்கம் உள்ள மெல்லண்ணம் ஒரு திரைபோல எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. அண்ணப்பிளவுடன் பிறந்த குழந்தைக்கு இந்தத் திரை சரியாக மூடாது. "ப" என்று சொல்ல முயன்றாலும் காற்று மூக்கால் கசிந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பேச்சுப் பயிற்சி பலருக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

2. தொண்டையில் விரலை வைத்து "பால்" என்றும் "தம்பி" என்றும் மெதுவாகச் சொல்லுங்கள். "தம்பி"யில் உதடுகள் மூடியிருக்கும்போதும் அதிர்வு நிற்பதில்லை. "பால்" என்னும்போது உதடு திறந்த பிறகே அதிர்வு தொடங்குகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு! அதிர்வது குரல்வளையில் உள்ள குரல் நாண்கள். ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 150 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் அவை அதிர்கின்றன.

ஒலிகள் எங்கே பிறக்கின்றன என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் நெஞ்சு, மிடறு, நா, அண்ணம், பல், இதழ், மூக்கு என்று உறுப்புகளைச் சொல்லியே எழுத்துகளின் பிறப்பை விளக்குகிறது.

பத்துப் பிழையா, ஒரு பிழையா?

பயிற்சி மாணவர் முதலில் கற்கும் விதி இதுதான்: "குழந்தை சொன்னதை எழுது, சொல்ல நினைத்ததை எழுதாதே!"

கேட்க எளிது. ஆனால் நம் காது ஏமாற்றுக்காரக் காது. பொருள் புரிந்தவுடன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும். ஆகவே ஒவ்வோர் ஒலியையும் தனிக் குறியீட்டால் எழுதப் பயிற்சி தருகிறார்கள்.

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று காக்காயைப் பார்த்து "தாத்தா" என்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். மாணவர் சிரிக்காமல் எழுதுகிறார்: கால் – தால், கதவு – ததவு, குரங்கு – துரந்து. இப்போது உங்களுக்கே புலப்படும். நாக்கின் பின்பகுதி மேலெழும்பிப் பிறக்க வேண்டிய ஒலியை, இந்தக் குழந்தை நாக்கு நுனியால் பற்களருகே பிறப்பிக்கிறது. பத்துச் சொல்லில் தவறு இருந்தாலும் திருத்த வேண்டிய பழக்கம் ஒன்றே! ஆனால் பயிற்சிக்கு முன்பு காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதித்தாக வேண்டும். கேளாத ஒலியை எப்படிச் சொல்வது?

அதே குழந்தை பழத்தைப் "பளம்" என்கிறது. இதையும் பிழைப் பட்டியலில் சேர்க்கலாமா? அவசரப்படக் கூடாது. அதன் அம்மாவும் தெருவில் உள்ளவர்களும் அப்படியே சொன்னால் அது வட்டார வழக்கு, நோய் அன்று. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இன்றும் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை என்பதையும் சிகிச்சையாளர் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வார்.

இங்கேதான் நம் மொழி தெரிந்த காது தேவைப்படுகிறது. தலை, தளை, தழை என்ற மூன்றையும் பிரித்தறியும் சோதனை ஆங்கிலப் புத்தகத்தில் கிடைக்காது. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாக நிற்கும் பல செய்திகள் தமிழில் ஒரு சொல்லின் வாலில் தொங்குகின்றன. "வந்தேன்" என்ற ஒரு சொல்லிலேயே யார், எப்போது என்பவை அடங்கிவிட்டன. தாத்தா "வா... வா..." என்று நின்றுவிட்டால், இழந்தது சொல்லையா, அதன் வாலையா என்று தமிழறிந்தவரே துல்லியமாகச் சொல்ல முடியும்.

எங்கே, எப்படிப் படிப்பது?

மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் 1965-இல் தோன்றியது. அங்கே 1966-இல் முதுநிலைப் படிப்பு தொடங்கியது. இன்று இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் படித்திருப்பது நல்லது. பட்டம் பெற்றபின் எம்.எஸ்ஸி. இரண்டு ஆண்டுகள். இங்கே பாதை பிரிகிறது: ஒன்று பேச்சு-மொழி, மற்றொன்று கேட்பியல். எம்.எஸ்ஸி. மாணவர் காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். ஆசிரியர் உடனிருந்து கவனித்துத் திருத்துவார். நரம்பியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் ஆகிய பாடங்களுடன் சொந்தமாக ஓர் ஆய்வும் செய்ய வேண்டும்.

காரைக்கால் மாணவருக்கு இளநிலைப் படிப்பு புதுச்சேரி ஜிப்மரிலேயே உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் படிக்கலாம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துச் சேருங்கள். தொழில் செய்ய அக்குழுமத்தில் பதிவும் வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்ட மக்கள்தொகை 2,00,222. அத்தனை வீடுகளில் எத்தனையோ தாத்தாக்கள், எத்தனையோ குழந்தைகள்! பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சியை விரைவில் தொடங்குவது நல்லது. "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று விட்டுவிடும் ஒவ்வொரு மாதமும் நட்டமே. முழுப் பேச்சும் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் "வலை" என்ற ஒரு சொல் திரும்பினாலும், அந்த வீட்டில் தாத்தா மறுபடியும் தாத்தாவாகிவிடுவார்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேச்சுத் தடுமாறுபவர் முன்னால் அவசரப்படாதீர்கள். அவர் சொல்லை நீங்கள் பறித்து முடிக்காதீர்கள். காத்திருங்கள், கேளுங்கள்.

சிந்தியுங்கள்

1. "க" என்பதைத் "த" என்று சொல்லும் குழந்தை "கோழி", "பூங்கா" ஆகியவற்றை எப்படிச் சொல்லும்?

2. ஜலதோஷம் பிடித்தவர் "மாமா" என்பதை எப்படிச் சொல்வார்? ஏன்?

3. உங்கள் ஊரில் "வாழைப்பழம்" எத்தனை விதமாக ஒலிக்கிறது? பத்துப் பேரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள்!