பால்குடி மறந்தபின் சுரப்பியில் நிகழ்வது யாது?

குட்டிகள் பால்குடி மறந்தபின் தாயின் மடி வற்றிச் சுருங்குதல் யாவரும் அறிந்ததே. ஆயின், அதுகாறும் பால் சுரந்துவந்த எண்ணிறந்த உயிரணுக்கள் எங்ஙனம் மறைகின்றன? வேலையின்மையால் தாமே நலிந்து ஒழிகின்றனவா, அன்றி ஒரு கட்டளைக்கு உட்பட்டு மடிகின்றனவா? இதனை ஈண்டு ஆராய்வோம்.

உயிரணுவின் மரணம் இருவகைத்து. காயத்தாலும் நஞ்சாலும் நேரும் அழிவு ஒன்று. தன் ஜீன்களின் ஏவலால் ஒழுங்குற மடிதல் மற்றொன்று. இவ்வொழுங்கான மரணத்திற்கு 1972-ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் மூவர் 'அபொப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். அக்கிரேக்கச் சொல் இலையுதிர்தலைக் குறிப்பதாகும்.

சுண்டெலியில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. பாலூட்டுங் காலத்தில் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் 'ஸ்டாட் 5' என்னும் புரதத்தைத் தூண்டுகிறது. அது பாலுக்குரிய ஜீன்களை இயக்குவதுடன் உயிரணுக்களையும் காக்கிறது. குட்டிகளை அகற்றினால் பால் தேங்கும். உடனே சுரப்பியில் 'லிஃப்' என்னும் புரதம் மிகுந்து, 'ஸ்டாட் 3' என்னும் வேறொரு புரதத்தை எழுப்புகிறது. மரணத்திற்குரிய ஜீன்களை ஏவுவது இதுவே. 1999-இல் சுரப்பியினின்று ஸ்டாட் 3-க்குரிய ஜீனை நீக்கிப் பார்த்தபோது, உயிரணுக்களின் மரணம் குறைந்து, சுருக்கமும் தாமதித்தது. உயிரணுவிலுள்ள லைசோசோம் என்னும் நுண்பைகள் கசிந்து, அவற்றின் செரிப்புப் பொருள்கள் வெளிப்படுவதற்கும் ஸ்டாட் 3 காரணமாதல் 2011-இல் விளங்கிற்று.

இக்கட்டளை பிறக்குமிடம் எது? சுண்டெலிக்குச் சுரப்பிகள் பத்து. அவற்றுட் சிலவற்றின் காம்புகளை மட்டும் அடைத்துவிட்டால், அவை மட்டுமே சுருங்கும். ஏனையவை குட்டிகளுக்குப் பால் அளித்துக்கொண்டேயிருக்கும். இரத்தத்திலுள்ள ஹார்மோன் எல்லாவற்றிற்கும் பொதுவாயிருக்க, சில மட்டும் சுருங்குவதால், பாலின் தேக்கமே முதற் குறிப்பென்பது தெளிவு.

இதில் வியக்கத்தக்கது யாதெனில், இக்கட்டளைக்கு ஒரு தவணை உண்டு. ஏறக்குறைய இரண்டு நாட்களுக்குள் குட்டிகளைத் திரும்பச் சேர்த்தால் சுரப்பி மீண்டும் பால் சுரக்கும். அத்தவணை கடந்தபின், புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் உயிரணுக்களைத் தாங்கும் அடித்தளச் சவ்வை அறுத்துவிடும். பால் நுண்ணறைகள் சரிந்து, அவ்விடத்தைக் கொழுப்பணுக்கள் நிரப்பும். மடிந்த அணுக்களை அண்டையிலுள்ளவை விழுங்கி அகற்றுகின்றன. நாளங்கள் மட்டும் எஞ்சி நின்று, அடுத்த கருப்பத்தில் மீண்டும் தழைக்கின்றன.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், மாதர் நலமே அதன் பயன் என்க. மகப்பேற்றுக்குப்பின் சில ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் மார்புப் புற்றுநோய் கடுமையாயிருத்தல் கூடும். சுரப்பி சுருங்குங்கால் நேரும் திசு மாற்றங்கள் அந்நோய் பரவுதற்குத் துணைசெய்யக்கூடும் என்பதற்கு விலங்குச் சோதனைகளிற் சான்று உண்டு. ஆதலின், மடிய வேண்டிய அணு எக்கட்டளையால் மடிகிறது என்பதையும், அக்கட்டளைக்கு அடங்காத அணு எங்ஙனம் பிழைக்கிறது என்பதையும் அறிதல் மருத்துவத்திற்கு இன்றியமையாததாகும்.