ஆயில் என்ஜின் இரைச்சலும் டெசிபல் கணக்கும்

ஆயில் என்ஜின், பவர் டில்லர் வைத்திருக்கும் விவசாயிகள் டீசல் செலவைத் துல்லியமாகச் சொல்வார்கள். இரைச்சலுக்குக் கணக்கு வைப்பவர் அரிது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரோடு எத்தனையோ என்ஜின்கள் ஓடுகின்றன. சைலன்சரைக் கழற்றிவிட்டால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்று நம்பிக் கழற்றுவோரும் உண்டு. அதில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம். கெடுவது காது.

துப்பாக்கிக்குப் பொருத்தும் சைலன்சரும் என்ஜின் சைலன்சரும் உறவுக்காரர்களே. அமெரிக்கரான ஹிராம் பெர்சி மாக்சிம் 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அவருடைய நிறுவனமே என்ஜின்களுக்கும் சைலன்சர் செய்தது. அழுத்தத்தோடு வெளிவரும் சூடான வாயுவை ஒரு கூட்டுக்குள் விரியவிட்டு, தடுப்புகளில் மோதவைத்து, வேகத்தையும் சூட்டையும் குறைத்து அனுப்புவதே இரண்டின் வேலையும்.

சினிமாவில் காட்டுவதுபோல் சைலன்சர் போட்ட துப்பாக்கி 'புஸ்' என்று மட்டும் சத்தமிடுவதில்லை. பெரிய ரைபிளின் வெடிச்சத்தம் சுமார் 165 டெசிபல். நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். முப்பது குறைந்தாலும் மீதி 135. இது பெரிய குறைவா, சிறிய குறைவா?

டெசிபல், படியைப்போலவோ லிட்டரைப்போலவோ கூட்டிக் கழிக்கும் அளவு அல்ல, பெருக்கல் அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு, 30 கூடினால் ஆயிரம் மடங்கு. வெறும் 3 கூடினாலே இரண்டு மடங்கு. 90 டெசிபல் என்ஜின் பக்கத்தில் அதேபோல் இன்னொன்றை ஓட்டினால் 180 ஆகாது. 93 தான் ஆகும். நம் காதோ 10 டெசிபல் உயர்வை ஏறக்குறைய இருமடங்குச் சத்தமாக மட்டுமே உணர்கிறது. ஆயிரம் படி நெல் வந்து இறங்கினாலும் எட்டுப் படி என்று எழுதிக்கொள்ளும் கணக்குப்பிள்ளை அது. ஆபத்து தெரியாமல் போவது இதனால்தான்.

ஆக, துப்பாக்கி சைலன்சர் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே மிச்சம் வைக்கிறது. அந்த ஒரு பங்கும் காதுக்கு அதிகம். மேலும், ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழித்து எழுப்பும் சத்தத்தைச் சைலன்சர் தொடுவதே இல்லை. என்ஜினிலும் அப்படியே. புகைக்குழாய்ச் சத்தம் அடங்கினாலும் பிஸ்டன் தட்டும் ஓசை, கியர் ஓசை, கதிரடிக்கும் இயந்திரத்தின் உருளைச் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கும். நல்ல சைலன்சர் இருந்தாலும் காதைத் தனியே காக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கலாம்?

85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது பாதுகாப்பான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கூரை மட்டும் உள்ள டிராக்டரை ஓட்டுபவர் காதருகே 90 முதல் 100 வரை இருப்பது வழக்கம். அளக்கக் கருவி வேண்டாம். மூன்றடி தள்ளி நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது.

செலவில்லாத வழி, தள்ளி நிற்பது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 95 என்றால் 8 மீட்டரில் 77. கொட்டகைக்குள் சுவர் ஒலியைத் திருப்பி அடிப்பதால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. தண்ணீர் பாயும்வரை கொட்டகைக்குள் படுத்திருக்காமல் மரத்தடிக்கு வந்துவிடுங்கள். புகைக்குழாயை வெளியே நீட்டுங்கள். நச்சுப்புகையும் உள்ளே தங்காது.

காதில் பஞ்சு வைப்பது பெரும்பாலும் பயனில்லை. மிகக் கொஞ்சமே தடுக்கும். நுரை அடைப்பானை உருட்டி உள்ளே செருகி விரியவிட்டால்தான் பலன். கதிரடிப்பு நாட்களில் காது முழுவதையும் மூடும் கவசம் இன்னும் வசதி.

உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் சுமார் 15 ஆயிரம் உள்ளன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சு ஒலி: குழந்தைகள் பேச்சு புரியாது, 'ச', 'த' எழுத்துகள் மயங்கும். வேலை முடிந்த இரவில் காதில் 'ங்ஙொய்' என்ற ரீங்காரம் கேட்டால் அன்றைய இரைச்சல் வரம்பு மீறிவிட்டது. அது மறுநாளும் நீடித்தால் அரசு மருத்துவமனைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளவும்.